எதிர்க்கடைச் சாட்சி

திருப்பதியில் அத்தை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கோபத்தோடு மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என் மகனுக்கு,

உன் ஆர்டர் இன்னும் வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ அதைத் தேடிக் கடிதத்தின் கடைசிக்கு ஓடிவிடுவாய், நடுவில் நான் எழுதியது எதுவும் உன் கண்ணில் படாது. ஆர்டர் வரவில்லை, ஆனால் அது ஏன் வரவில்லை என்று தெரிந்துவிட்டது. நீ நினைத்த காரணமும் இல்லை, நான் பயந்த காரணமும் இல்லை. இதை உனக்காக மட்டும் எழுதவில்லை. அத்தையையும் மாமாவையும் பக்கத்தில் உட்காரவைத்து உரக்கப் படி. என்னைப் பற்றி நீ சொன்னது அவர்கள் காதிலும் விழுந்திருக்கும், நான் சொல்வதும் விழட்டும்.

பொங்கலன்று நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். மெட்ராஸில் மத்திய சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கு நீயும் திருத்தணியில் இருக்கும் உன் சிநேகிதனும் சேர்ந்துதான் பரீட்சை எழுதினீர்கள். இரண்டு பேரும் தேறினீர்கள். அவரவர் ஊரில் போலீஸ் விசாரணை முடிந்ததும் ஆர்டர் வரும் என்று சொன்னார்கள். அவனுக்கு வந்துவிட்டது, வேலையிலும் சேர்ந்துவிட்டான். பொங்கலுக்குப் புது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து, “உனக்கு இன்னும் வரலியாடா?” என்று கேட்டுவிட்டுப் போனான். நல்ல பையன், வஞ்சகமில்லாமல்தான் கேட்டான். ஆனால் அன்று நீ வடையைத் தொடவில்லை. சாயந்தரம் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, “நீ கொடி புடிச்சிக்கினு போனியே நைனா, அதான் என் வேலைய துன்னுடுச்சி” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாய்.

யாராவது ஒரு வார்த்தை சொன்னால் பத்து வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவன் நான் என்று உனக்குத் தெரியும். அன்று வாய் திறக்கவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் தையல் மிஷினைப் பார்த்தேன். பதில் இல்லாததால் இல்லை. நீ சொன்னதையே நானும் மழைக்காலத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால்தான். உனக்கு ஆர்டர் வராத ஒவ்வொரு நாளும் அந்தக் கொடி என் கண் முன்னால் வந்து நின்றது.

கொடியின் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். ஆந்திரா தனி ராஜ்ஜியமானபோது நம் ஜில்லாவும் அந்தப் பக்கம் போயிற்று. தமிழ் பேசுகிற ஊர்கள் மெட்ராஸோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போனவர்களில் நானும் ஒருவன். சேரவே கூடாது என்று எதிர் ஊர்வலம் போனவர்களில் முதல் வரிசையில் நின்றவர் எதிர்க்கடை நாயுடு. நமக்குத் தையல்கடை, அவருக்கு வாடகை சைக்கிள் கடை, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்குத் தெரு. அதுவரை அவர் டீயில் பாதி எனக்கு, என் வெற்றிலையில் பாதி அவருக்கு. ஊரில் ஒரே டைலர் நான்தான் என்பதால் அவர்களுடைய கொடியையும் என்னிடம்தான் தைக்கக் கொடுத்தார்கள். தொழில் வேறு, கட்சி வேறு என்று நினைத்துத் தைத்துக் கொடுத்தேன். ஊர்வலத்தன்று பார்த்தால் அவர்கள் கொடி எங்கள் கொடியைவிட ஒரு ஜாண் குட்டை. நான் துணியைத் திருடிவிட்டேன் என்று நாயுடு தெருவில் நின்று கத்தினார். புதுத்துணி, முந்தின நாள் மழையில் நனைந்து சுருங்கிவிட்டது. எங்கள் கொடி பழைய வேட்டி, அது சுருங்குவதற்கு என்ன இருக்கிறது? இதை நான் பெருமாள் மேல் சத்தியம் செய்து சொன்னேன், அவர் நம்பவில்லை. டைலர் துணி திருடினான் என்று சொன்ன பிறகு அந்த டைலருக்கும் சொன்னவருக்கும் பேச்சு ஏது? ஊரெல்லாம் நாங்கள் எல்லைக்காகச் சண்டை போட்டோம் என்று நினைத்தார்கள். சண்டை அந்த ஒரு ஜாணுக்குத்தான்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக நானும் அவரும் நேருக்கு நேர் பேசியதில்லை. அவர் கடையில் காற்றடிக்கிற பம்பு இருக்கிறது, என் கடையில் மண்ணெண்ணெய் விளக்கு இருக்கிறது, தேவைப்படும்போது டீக்காரர் மூலமாகக் கேட்டுக்கொள்வோம். இதற்கிடையில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி எல்லையையும் முடித்துவிட்டார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, நம் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. நான் கேட்ட ராஜ்ஜியம் எனக்குக் கிடைக்கவில்லை. திருத்தணியில் இருந்த நாயுடுவின் மாமியார் வீடு மெட்ராஸுக்குப் போய்விட்டது. அன்று அவர் வாயில் ஈ போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார், எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

ஆனால் நீ அவரை மாமா என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அவரும் உனக்குச் சைக்கிள் கொடுப்பதை நிறுத்தவில்லை. காலேஜில் சேருவதற்கு நீ திருப்பதிக்குப் போகவேண்டிய நாளில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு நின்றாயே, அவர்தான் கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு உன்னைக் கேரியரில் உட்காரவைத்து புத்தூர் ஸ்டேஷன்வரை மிதித்துக்கொண்டு போனார். நான் பார்க்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். பார்த்தேன். அவர் திரும்பி வரும்வரை அவர் கடையையும் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நீ தெலுங்கில் பேச்சுப் போட்டிக்கு ஏறினபோது, கொட்டகை முழுக்கச் சத்தமில்லாமல் கேட்டதே, அன்று முன்வரிசையில் உட்கார்ந்து, குறுக்கே பேசின ஒருவனைத் தொடையில் கிள்ளி அடக்கினவரும் அவர்தான். எனக்கு அந்தத் தெலுங்கு பாதிதான் புரிந்தது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் நீ நன்றாகப் பேசுகிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

இவ்வளவும் தெரிந்தும் நான் அவரைச் சந்தேகப்பட்டேன். மழைக்காலத்தில் ஒருநாள், குண்டூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் உன் விசாரணைக்காகத் தெருவுக்கு வந்தார். முதலில் போனது எதிர்க்கடைக்கு. நான் மிஷினை மிதித்துக்கொண்டே பார்த்தேன். நாயுடு எழுந்து நின்று, கண்ணை உருட்டி, இரண்டு கையையும் ஆட்டி ஏதேதோ சொன்னார், மிஷின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. கான்ஸ்டபிள் முகம் சுருங்கிப்போய் வேகவேகமாக எழுதிக்கொண்டார். வேறு எந்தக் கடையிலும் ஏறவில்லை, நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி உன் அம்மாவிடம், நாயுடு வேலையைக் காட்டிவிட்டார் என்று சொன்னேன். “அவரு அப்பிடி பண்றவரு இல்ல, நீ சும்மா இரு” என்றாள். நான் சும்மா இருக்கவில்லை. ஒன்று கொடி, இல்லாவிட்டால் நாயுடு என்று முடிவு கட்டிக்கொண்டு, இரண்டையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டிருந்தேன்.

காத்திருப்பது உனக்கு மட்டும்தான் என்று நினைக்காதே. நீ திருப்பதியில் டுடோரியலில் பாடம் சொல்லிக்கொண்டே காத்திருந்தாய். நான் இங்கே ஒருவர் சட்டைக்கு இன்னொருவர் கையை வைத்துத் தைத்துக்கொண்டு காத்திருந்தேன். தபால்காரர் தெருமுனையில் தெரிந்தால் மிஷின் தானாக நின்றுவிடும். பாவம், அவர் நம் கடையைத் தாண்டவே கூச்சப்பட்டுச் சந்து வழியாகப் போக ஆரம்பித்தார். உன் அம்மா மலைமேல் இருக்கிறவரிடம் தமிழில் ஒரு தடவை, அவருக்குப் புரியாமல் போய்விடப் போகிறதே என்று தெலுங்கில் ஒரு தடவை வேண்டிக்கொண்டாள். ஒருநாள் நான் சித்தூருக்கே போய் பெரிய ஆபீசில் கேட்டுவிடுவது என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். கேட்வரைக்கும் போனேன். என் முகத்தைப் பார்த்து, கொடி பிடித்தவன் இவன்தான் என்று யாருக்காவது ஞாபகம் வந்துவிட்டால் உனக்கு இன்னும் கெடுதல் என்று தோன்றியது. எதிரில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அதை உன் அம்மாவிடம்கூட இதுவரை சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சப்-இன்ஸ்பெக்டரே நம் கடைக்கு வந்தார், பின்னால் அந்தக் குண்டூர்க் கான்ஸ்டபிள். சப்-இன்ஸ்பெக்டர் சித்தூர்ப் பக்கத்துக்காரர், நம்மைப்போல இரண்டு மொழியையும் ஒரே வாயில் போட்டு மெல்லுகிறவர். பேண்ட்டைத் தளர்த்த வந்திருக்கிறார் என்று நினைத்து டேப்பை எடுத்தேன்.

“டேப்ப வையி டைலரே. உன் புள்ள எங்க கீறான்?”

“திருப்பதில சார். டுடோரியல்ல பாடம் சொல்லிக்கினு கீறான்.”

“அவனுக்கு ஊரே பயந்துக்கினு கீதாமே, மெய்யா?”

எனக்குக் கொடிதான் ஞாபகம் வந்தது. எழுந்து நின்றேன். “சார், கொடி புடிச்சது நானு. அப்ப அவன் ட்ரவுசர் போட்டுக்கினு இருந்தான். எழுதறதா இருந்தா என் பேர எழுதிக்குங்க, புள்ளய உட்டுடுங்க” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “கொடி கெடக்குதுய்யா. இந்த ஜில்லால அந்தக் கொடியோ இந்தக் கொடியோ புடிக்காதவன் எவன் கீறான்? எங்க அண்ணனே புடிச்சான். ரிப்போர்ட்ல அதப் பத்தி ஒரு பேச்சும் இல்ல.”

கேட்டாயா? ஒரு பேச்சும் இல்லை. அந்த நிமிஷம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. “உன் புள்ள ஆபத்தானவன்னு எழுதிக் கீது. வாயத் தொறந்தா ஊரே அடங்கிப்பூடுமாம். ஆனா இன்னா பண்ணான்னு ஒண்ணும் இல்ல. அதான் சித்தூர்ல திருப்பி அனுப்பிட்டாங்க, மறுபடி கேட்டு எழுதுன்னு” என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை, ஆனால் கான்ஸ்டபிளின் கண் எதிர்க்கடைக்குப் போய்விட்டுத் திரும்பியது.

கழுத்தில் டேப்போடு தெருவைத் தாண்டினேன், போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள். அந்த வாசலை நான் மிதித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நாயுடு தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்யா நாயுடு, என் மேல கோவம்னா என்ன அடி. என் புள்ள வயித்துல ஏன்யா அடிச்ச?”

அவர் நிமிர்ந்தார். டியூபிலிருந்து தண்ணீர் அவர் வேட்டியில் ஒழுகியது. “இன்னாய்யா சொல்ற நீ?”

“அவன் ஆபத்தானவன்னு போலீஸ்ல சொன்னியாமே!”

“நானா? நானா சொன்னேன்? யோவ், நான் தூக்கி வளத்த புள்ளய்யா அவன்! இதோ இந்த சார்தான் கேட்டாரு. இதே எடத்துல நின்னுக்கினு சொன்னேன், ‘பிள்ளோடு பிரமாதம் சார்’னு!”

உடனே கான்ஸ்டபிள் முகம் மலர்ந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டரின் கையைத் தொட்டு, “சூசாரா சார், மள்ளீ அதே செப்துன்னாடு!” என்றார். பார்த்தீர்களா, மறுபடியும் அதையேதான் சொல்கிறான் என்று.

சப்-இன்ஸ்பெக்டர் நாயுடுவைப் பார்த்தார், கான்ஸ்டபிளைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், தொப்பி கீழே விழுகிறவரை சிரித்தார். உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும், நீ தெலுங்கும் படித்தவன். அத்தைக்கு நீயே சொல்லு. பிள்ளோடு என்றால் பையன். நமக்குப் பிரமாதம் என்றால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பொருள். குண்டூர்க்காரருக்குப் பிரமாதம் என்றால் ஆபத்து. நாயுடு சுத்தத் தெலுங்கு பேசுவதாக நினைத்துக்கொண்டு, நடுவில் நம் தமிழை ஒரு கரண்டி போட்டுவிட்டார். அதோடு விட்டாரா? ஊரில் அவனைப்போல இன்னொருவன் கிடையாது என்றாராம். அவன் வாயைத் திறந்தால் எல்லாரும் கப்சிப் என்றாராம். அது உன் பேச்சுப் போட்டி! ஆனால் முதல் வார்த்தையை ஆபத்து என்று எடுத்துக்கொண்டவருக்கு மீதியெல்லாம் எப்படிக் கேட்டிருக்கும்? பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. வேறு கடையில் விசாரிக்கவே பயந்துகொண்டு போயிருக்கிறார்.

சப்-இன்ஸ்பெக்டர் விளக்கிச் சொன்னதும் கான்ஸ்டபிள் மெதுவாக, மரியாதையாகத்தான், “அதி தெலுகு காது” என்றார். அது தெலுங்கு இல்லை என்று. நாயுடுவின் முகம் சுருங்கிப்போயிற்று. “எங்க அப்பன் அப்பிடித்தான் சார் சொல்லுவான், அவங்க அப்பனும் அப்பிடித்தான்” என்று முனகினார், அதையும் தமிழில் முனகினார். தெலுங்குக்காக முதல் வரிசையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தின மனுஷன். அவர் பேசுகிறது தெலுங்கே இல்லை என்று அவர் கடையில் வைத்தே ஒருத்தர் சொல்லிவிட்டார். நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும் இல்லையா? எனக்குப் பொறுக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நான் முன்னால் போய், “சார், அதி மா ஊரு தெலுகு” என்றேன். அது எங்கள் ஊர்த் தெலுங்கு என்று. நாயுடு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இந்த வருஷங்களில் அவர் என்னைக் கோபமில்லாமல் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கான்ஸ்டபிள் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “சரே, மீரே செப்பண்டி. மீ அப்பாயி எலாண்டிவாடு?” உங்கள் பையன் எப்படிப்பட்டவன், நீங்களே சொல்லுங்கள் என்று. நல்லவன் என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். நல்ல என்றால் தெலுங்கில் கறுப்பு. நீ என் நிறம், அதையும் எழுதிக்கொண்டு போய்விடுவார். அவர் பென்சில் காத்துக்கொண்டிருக்கிறது, நாயுடு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். “மஞ்சோடு சார்” என்றேன். நல்ல பையன் என்று. சொன்னதும் போதாதுபோல இருந்தது. “சால மஞ்சோடு”, ரொம்ப நல்ல பையன் என்று இன்னொரு தடவை சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, “இந்த வாரமே சித்தூருக்கு அனுப்பறேன், அப்புறம் அவங்க பாடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனபிறகு நாயுடு டீ சொன்னார். பாதியை எனக்கு ஊற்றினார். குடித்து முடித்து கிளாஸைக் கழுவி வைத்தார். பிறகு, “இருந்தாலும் அந்தக் கொடி ஒரு ஜாண் குட்டைதான்யா” என்றார். மழையில் சுருங்கியது என்று மறுபடியும் சொன்னேன். மறுபடியும் நம்பவில்லை. இன்றுவரை அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது, ஆனால் இப்போது தெருவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து நடக்கிறது. உன் அம்மா, நான் அப்போதே சொன்னேனே என்று மூச்சுக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் நாம் மறுபடியும் காத்திருக்கிறோம். ஆனால் இந்தக் காத்திருப்பு வேறு. சட்டைக்குச் சரியான கையை வைத்துத் தைக்கிறேன், தபால்காரரைக் கூப்பிட்டு, தெரு வழியாகவே வரச் சொல்லிவிட்டேன். ஆர்டர் வரும் என்றுதான் நினைக்கிறேன். வராவிட்டால் அடுத்த பரீட்சை எழுது, எதிர்க்கடையில் உனக்குச் சாட்சி இருக்கிறார், இனிமேல் குண்டூர்த் தெலுங்கில் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறார். மெட்ராஸுக்குப் போனால் நம் ‘கினு’வையும் ‘கீது’வையும் கேட்டு ஆபீசில் யாராவது சிரிப்பார்கள். கூடச் சேர்ந்து சிரி, ஆனால் விட்டுவிடாதே. யாராவது உன்னைப் பற்றி ஏதோ சொன்னதாகக் காதில் விழுந்தால், கோபப்படுவதற்கு முன்னால் சொன்னவரிடமே போய்க் கேட்டுவிடு. நான் மழைக்காலம் முழுக்க யார் நமக்குக் கெடுதல் செய்தார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நாளும் ஒருத்தர் உன்னைப் புகழ்ந்துவிட்ட திருப்தியில் எதிரே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வா. பஸ் இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே, முதலில் நாயுடு மாமா கடைக்குப் போ. இன்னொன்று. உன்னை நல்ல பிள்ளை என்று நான் முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னது ஒரு போலீஸ்காரரிடம், அதுவும் தெலுங்கில். உன்னிடம் தமிழில் ஒருநாளும் சொன்னதில்லை. நம் வீட்டில் அப்படிச் சொல்கிற பழக்கம் இல்லை, என் நைனா என்னிடம் சொன்னதில்லை. நாயுடு எனக்கு முந்திக்கொண்டுவிட்டார், அதனால் அவர் வார்த்தையையே வாங்கிக்கொள்கிறேன். பொங்கலன்று வாசலில் நின்று நீ பேசின பேச்சுக்கு அதன் குண்டூர் அர்த்தமும் பொருத்தம்தான். எந்த அர்த்தத்தில் வேண்டுமானாலும் படித்துக்கொள்: நீ பிரமாதம்டா.

உன் நைனா